சமையலறை எப்போது பழசாகிறது?

1980-களிலும் 90-களிலும் தமிழ்நாட்டு நகரங்களில் கட்டிய அடுக்குமாடி வீடுகளின் சமையலறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். கறுப்புக் கடப்பாக் கல் மேடை, அதற்கு மேல் இரண்டடி உயரத்துக்கு வெள்ளை டைல்ஸ், சுவரில் பதித்த கடப்பாப் பலகைகளே அலமாரி, தலைக்கு மேல் பரண், முதுகுப்பக்கச் சுவரில் ஒரு ட்யூப் லைட். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவருபவரும் அங்கேயே முப்பது ஆண்டு வாழ்ந்தவரும் அந்த அறையில் நின்று ஒன்றையேதான் சொல்கிறார்கள்: பழசாகிவிட்டது, மாற்ற வேண்டும். பணமிருப்பவர்கள் எல்லாவற்றையும் இடித்துவிட்டு மாடுலர் கிச்சன் போடுகிறார்கள். இல்லாதவர்கள் மனக்குறையோடு சமைக்கிறார்கள். கையில் ஒரு சிறு தொகையை மட்டும் வைத்திருப்பவர் இருவருக்கும் நடுவில் நிற்கிறார். எதை வாங்கலாம் என்பதே தன் கேள்வி என்று அவர் நினைக்கக்கூடும். அதற்கு முன் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் பழசாகிவிட்டது என்று சொல்லும் உரிமை யாருக்கு, எந்த அளவுகோலை வைத்து? இது அறத்தைச் சேர்ந்த கேள்வி என்பது என் எண்ணம். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே நின்று வேலை செய்பவரின் உடம்பை வருத்தத் தொடங்கும்போதுதான் ஒரு சமையலறை பழசாகிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் பழசாகத் தெரிவது வேறு. அதற்கும் இடமுண்டு, ஆனால் கடைசியில்தான். பணம் குறைவாக இருக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டியிருக்கிறது. பணம் தாராளமாக இருக்கும்போது பிரித்துப் பார்க்கத் தோன்றுவதே இல்லை.

கண்ணுக்கு ஒன்று பழசாகத் தெரிவது எப்படி என்பதைப் பிரெஞ்சுத் தத்துவவாதி தெனி திதெரோ 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் பார்க்கலாம். அவருக்கு அழகான சிவப்பு அங்கி ஒன்று பரிசாக வருகிறது. அதுவரை வீட்டில் போட்டுக்கொண்டிருந்த பழைய அங்கியில் அவர் மையைத் துடைப்பார், புத்தகத் தூசியைத் தட்டுவார். புது அங்கியில் அப்படிச் செய்ய முடியவில்லை. அதைப் போட்டுக்கொண்டு அறையைப் பார்த்தால் நாற்காலி மட்டமாகத் தெரிகிறது, மேசை மட்டமாகத் தெரிகிறது, சுவரில் தொங்குவதெல்லாம் மட்டமாகத் தெரிகிறது. ஒவ்வொன்றாக மாற்றுகிறார். கடைசியில் தன் அறையிலேயே தனக்கு இருப்புக்கொள்ளவில்லை என்கிறார். 1988-ல் மானுடவியலாளர் கிரான்ட் மெக்ராக்கன் இந்த நிலைக்குத் திதெரோவின் பெயரையே வைத்தார். இதில் கவனிக்க வேண்டியது நாற்காலியைத்தான். அதன் கால் உடையவில்லை, அதில் உட்கார்ந்தவருக்கு முதுகு வலிக்கவில்லை. பக்கத்தில் வந்து சேர்ந்த இன்னொரு பொருளால்தான் அது பழசானது. சமையலறையில் இது நாள்தோறும் நடக்கிறது. கண்ணாடி மேற்பரப்புள்ள அடுப்பு வந்ததும் கடப்பாக் கல் மங்கலாகிவிடுகிறது. கிரானைட் போட்டதும் டைல்ஸ் உறுத்துகிறது. டைல்ஸை மாற்றியதும் திறந்த அலமாரி அவமானமாகிவிடுகிறது. இந்தச் சங்கிலி தானாக எங்கும் நிற்பதில்லை, கடன் வாங்கும் எல்லை வந்தால்தான் நிற்கிறது. ஆசையை அடக்க வேண்டும் என்று எல்லாச் சமயங்களும் சொல்லும்போது, ஒன்று கிடைத்த மறுகணமே அடுத்ததன் குறையைக் காட்டும் இந்த இயல்பையே சொல்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன்.

உண்மையான முதுமை உடம்புக்குத் தெரியும். அதே பழைய அறையில் அதைத் தேடிப் பார்ப்போம். விளக்கு முதுகுக்குப் பின்னால் இருப்பதால், காய் நறுக்குபவரின் நிழல் அவர் கத்தியின் மேலேயே விழுகிறது. முப்பது வயதில் அது பொருட்டில்லை. ஐம்பத்தைந்தில் பருப்பில் கிடக்கும் கல்லும் கீரையில் ஒட்டிய பூச்சியும் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. மேடையின் உயரம் கட்டிய கொத்தனாரின் வழக்கப்படி அமைந்தது, நிற்பவரின் அளவுப்படி அமைந்ததில்லை. முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை இருந்தால் தோளும் இடுப்பும் தப்பிக்கும். தாழ்ந்திருந்தால் நாளெல்லாம் குனிய வேண்டும், உயர்ந்திருந்தால் சப்பாத்தி தேய்க்கும்போது தோளைத் தூக்க வேண்டும். தொட்டியின் குழாய் குட்டையாக இருப்பதால் பெரிய குண்டானைச் சாய்த்துப் பிடித்துத்தான் கழுவ முடிகிறது. தினமும் மூன்று முறை எடுக்கும் பருப்பு டப்பா எட்டாத தட்டிலும், வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் அண்டா கைக்கெட்டும் இடத்திலும் இருக்கின்றன. எக்ஸாஸ்ட் ஃபேன் பிசுக்கேறி நின்றுபோய் எத்தனையோ காலமாகிறது. மிளகாய் வறுத்தால் வீடே இருமுகிறது. இவைதாம் அந்த அறையின் மூப்பு. இவற்றைத் தீர்க்க ஆகும் செலவைப் பாருங்கள். அலமாரிப் பலகையின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு எல்.இ.டி. பட்டை. தாழ்ந்த மேடையின் மேல், நறுக்குவதற்கென்று கனமான, உயரமான ஒரு பலகை. கழுத்து நீண்ட, இருபுறமும் திரும்பும் ஒரு குழாய். ஃபேனைக் கழற்றித் துப்புரவாக்கும் ஓர் அரைநாள், அதுவும் பயன்படாவிட்டால் புதிய ஃபேன். டப்பாக்களை இடம் மாற்றுவதற்குக் காசே வேண்டாம். எல்லாம் சேர்ந்தாலும் சில ஆயிரங்களில் முடியும். லட்சங்களில் பேசப்படும் முழு மாற்றத்துக்குப் பிறகும் இவற்றில் பாதி அப்படியே இருந்துவிடக்கூடும். கதவுகள் பளபளக்கும், விளக்கு அதே முதுகுப் பக்கத்தில் எரியும்.

பழையதைப் புதுப்பிப்பது பற்றித் தமிழ் நிலத்தில் ஆழமான ஒரு சிந்தனை இருக்கிறது. அது கோயில் திருப்பணி மரபில் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்பது வழக்கம். அப்போது மூலவரைப் பீடத்தோடு இறுக்கிப் பிடிக்கும் அஷ்டபந்தன மருந்தைப் புதிதாகச் சாத்துவார்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களைச் சேர்த்து, மெழுகுபோல் இளகும்வரை இடித்துச் செய்யும் மருந்து அது. கல் மாறுவதில்லை, கல்லையும் கல்லையும் சேர்க்கும் இடம் புதுப்பிக்கப்படுகிறது. காலம் முதலில் தின்பது பொருளை அன்று, பொருள்கள் கூடும் இடத்தை என்ற அறிவு இந்த வழக்கத்துக்குள் இருக்கிறது. சமையலறையும் அப்படித்தான் மூப்படைகிறது. டைல்ஸ் கெடுவதற்குப் பல ஆண்டு முன்பே டைல்ஸின் இடுக்கு கறுத்துவிடும். கதவு கெடுவதற்கு முன் கீல் தளரும். குழாய் கெடுவதற்கு முன் வாஷர் தேயும். மேடையும் சுவரும் சேரும் மூலையில் நீர் இறங்கும், கரப்பான் அங்கேதான் குடியேறும். இடுக்குகளைச் சுரண்டிப் புதுப் பூச்சு நிரப்பி, கீல்களை மாற்றி, மூலையை அடைத்துவிட்டால் அந்த அறையின் வயது பாதியாகிவிடும். கடப்பாக் கல் சுண்ணாம்புக் கல் வகை. புளியும் எலுமிச்சையும் பட்ட இடத்தில் அது அரித்து வெளுக்கும். அதை மறுபடி பாலிஷ் போடலாம். துளி தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தாலே கறுப்பு திரும்பி வரும். கரையான் அதைத் தொடாது. தொட்டிக்கடியில் நீர் கசிந்தால் ஊதிப்போகும் மரத்தூள் பலகையை அதன் இடத்தில் கொண்டுவந்து வைப்பதைப் புதுப்பித்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முழுவதையும் மாற்றுவதே தவறு என்று சொல்ல வந்ததாக இதைப் படிக்க வேண்டாம். பத்தாம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி செங்கல் கோயில்கள் பலவற்றைப் பிரித்துக் கருங்கல்லால் கட்டினார். சிதையும் பொருளை நிலைக்கும் பொருளாக மாற்றினார், சரிதான். ஆனால் திருக்கோடிக்காவலில் அவர் செய்த ஒரு காரியம் என்னை நெகிழவைக்கிறது. பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவர்களில் மறுபடி பொறிக்கச் செய்தார். முன்னோர் கொடுத்த கொடைகளும் அந்தக் கொடைகளுக்காகச் செய்யவேண்டிய கடமைகளும் அந்தக் கல்வெட்டுகளில் இருந்தன. சுவர் போனாலும் சொன்ன சொல் போகக்கூடாது. இதே மரபில் எதிர்ப்பக்கமும் உண்டு. நம் காலத்தில் சில கோயில்களில் சுவரைப் பளிச்சென்று காட்ட மணலைப் பீய்ச்சியடித்துச் சுரண்டினார்கள். அழுக்கோடு எழுத்தும் போயிற்று. இரண்டும் திருப்பணி என்ற பெயரில்தான் நடந்தன. பொருளை மாற்றியும் கடமையைக் காத்தது முதலாவது. பொருளை வைத்துக்கொண்டே கடமையை அழித்தது இரண்டாவது. ஒரு சமையலறைக்கும் அப்படிப் பொறித்து வைக்காத கடமைகள் சில உண்டு. பசித்தவர் உண்ண வேண்டும். சமைப்பவர் அந்த வேலையால் தேய்ந்துபோகக் கூடாது. எதிர்பாராமல் வரும் ஒருவருக்கும் இலை போட இடம் இருக்க வேண்டும். புதுப்பித்த பிறகு இவை கூடினவா, குறைந்தனவா என்று பார்க்க வேண்டும். பெரிய பாத்திரம் வைக்க இடமில்லாத, இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாத, எண்ணெய் தெறித்துவிடுமோ என்று பயந்து வடை சுடுவதையே விட்டுவிட்ட ஒரு புதிய சமையலறை எத்தனை அழகாக இருந்தாலும் எதையோ இழந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் மிகக் கனமானது இது: இருப்பதைக் கொண்டு நிறைவடை என்ற உபதேசம் எப்போதும் பெண்களிடம்தானே சொல்லப்படுகிறது? கூடத்துக்குப் பெரிய டி.வி. வரும், வாசலுக்குக் கிரில் கேட் வரும், சமையலறை மட்டும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். அதற்குத் தத்துவ விளக்கமும் வேண்டுமா? இந்தக் கோபம் நியாயமானது. அதனால்தான் அளவுகோலாக உடம்பை வைக்கிறேன், பொறுமையை வைக்கவில்லை. 1953-ல் சென்னையில் எஸ்.பி. ராஜு என்ற ஹைதராபாத் பொறியாளரின் நூல் ஒன்று வெளியானது. கோடிக்கணக்கான ஏழை வீடுகளுக்குப் புகையில்லாத சமையலறை தர முடியும் என்பது அதன் பொருள். களிமண்ணாலேயே அமைக்கக்கூடிய, சூட்டை வீணாக்காமல் அடுத்த பாத்திரத்துக்கும் கடத்தும், புகையைக் குழாய் வழியே வெளியேற்றும் அடுப்பை அவர் முன்வைத்தார். வறுமை இருக்கிறது, ஆகவே புகையைச் சகித்துக்கொள் என்று அவர் சொல்லவில்லை. வறுமை இருக்கும்போதே புகை போக வேண்டும் என்றார். குறைந்த செலவு என்பதன் அறம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குறைவாகச் செய்வதற்கு அது சாக்காகிவிடக் கூடாது, இன்றைக்கே செய்வதற்கு வழியாக வேண்டும். உடம்பை வருத்தும் ஒன்றைத் தீர்க்கப் பெரிய தொகைதான் வேண்டும் என்றால், டி.வி. காத்திருக்கட்டும். மேடையை இடித்து உயர்த்தினால்தான் இடுப்பு வலி தீரும் என்றால் இடிக்கத்தான் வேண்டும். ராஜுவுக்குப் பின் நடந்தது இன்னொன்றையும் சொல்கிறது. 1980-களில் அரசுத் திட்டத்தின் வழியே நாடெங்கும் புகையில்லா அடுப்புகள் லட்சக்கணக்கில் அமைக்கப்பட்டன. அவற்றில் ஏராளமானவை சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. புகைபோக்கி விரிசல்விட்டால் சரிசெய்ய ஆளில்லை, அந்தந்த ஊர்ப் பாத்திரத்துக்கும் சமையலுக்கும் அடுப்பின் வாய் பொருந்தவில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததுதான், ஆனால் அடுப்பின் முன் உட்காருபவரை முதலில் கேட்டுச் செய்யவில்லை.

இதற்கு நேர் எதிரான மறுப்பு துறவின் பக்கமிருந்து வருகிறது. மேடை, குழாய், விளக்கு என்று இவ்வளவு யோசிப்பதே பற்றுதானே? இருக்கிறபடி இருக்கட்டும் என்று விடுவதல்லவா உயர்வு? பௌத்த விநய நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல விடை. உதயண மன்னனின் அரசியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைத் தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, வியாபாரமா செய்யப் போகிறார் என்று மன்னன் கேட்கிறான். கிழிந்த ஆடை உடுத்தியிருக்கும் பிக்குகளுக்குப் பகிர்ந்து கொடுப்பேன் என்கிறார் ஆனந்தர். அப்படியானால் அந்தக் கிழிந்த ஆடைகளை என்ன செய்வீர்கள்? படுக்கை விரிப்பாக்குவோம். பழைய விரிப்புகளை? மெத்தை உறையாக்குவோம். பழைய உறைகள் தரை விரிப்பாகும், பிறகு கால்துடைப்பாகும், பிறகு தூசி தட்டும் துணியாகும். அதுவும் நைந்தபின் அதைத் துண்டுதுண்டாக்கி, சேற்றோடு குழைத்துத் தரை பூசுவோம். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுக்கிறான். பற்றில்லாதவர்தான் பொருளை இவ்வளவு தூரம் கூட வந்து கவனிக்கிறார். பொருளின் மேல் ஆசை உள்ளவன் அது புதிதாக இருக்கும்வரை மட்டுமே அதைப் பார்க்கிறான். நம்மூரில் வள்ளலாரும் துறவிதான். அவர் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. பசி தீர்ப்பதையே சீவகாருண்யத்தின் முதல் வேலையாக அவர் கண்டார். அந்த நெருப்பைக் காப்பதற்கு விறகு வேண்டும், சாம்பல் அள்ள வேண்டும், அடுப்பு விரிந்தால் பூச வேண்டும். இந்தக் கவனத்தையெல்லாம் பற்று என்று தள்ளினால் அன்னதானம் என்ற அறமே நடக்காது.

அழகு என்னாகும் என்பது மூன்றாவது கேள்வி. அழகான இடத்தில் நின்று சமைக்க விரும்புவது வீண் ஆடம்பரம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டு வீடுகள் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. ஒரு பிடி அரிசி மாவில் காலையில் போட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு அழியும், மறுநாள் இன்னொன்று வரும். பொங்கலுக்கு முன்பு குடிசைச் சுவருக்கும் வெள்ளையடித்து, காவிப் பட்டை தீட்டுவார்கள். இந்த அழகு ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்திருப்பது கிடையாது, திரும்பத் திரும்பச் செய்வது. அதனால் அதற்குப் பணத்தைவிடக் கவனம் அதிகம் வேண்டும். சமையலறைக்கும் அப்படி ஒரு வழி உண்டு. சுவருக்கு வெளிர்நிறத்தில் ஒரு கை வர்ணம், எண்ணெய் தடவிய கறுப்புக் கல், பயன்படாமல் அடைந்துகிடந்த பாதிச் சாமான்கள் போனபின் தெரியும் வெறும் தட்டு, பரணிலிருந்து இறக்கித் துலக்கிய ஒரு பித்தளைச் செம்பு. இவையே அந்த அறையை வேறாக்கிவிடும். அழகை ஏன் வரிசையில் கடைசியில் வைக்கிறேன் என்றால், கண் எதற்கும் பழகிவிடுகிறது. புது நிறத்தின் மகிழ்ச்சி சில மாதங்களில் தேய்ந்துவிடும், பழைய நிறத்தின் உறுத்தலும் அப்படியே தேயும். இடுப்பு பழகுவதில்லை. தாழ்ந்த மேடை பத்தாம் ஆண்டில் முதல் ஆண்டைவிட அதிகமாக வலிக்கிறது. முதல் செலவு வலிக்கும் இடத்துக்குப் போகட்டும். வலி தீர்ந்த இடத்தில் வைத்த அழகை ரசிக்கவும் தெம்பு இருக்கும்.

எல்லோரும் இப்படிப் பழையதைச் சரிசெய்துகொண்டே இருந்தால் தொழில் என்னாகும், தச்சர் எப்படிப் பிழைப்பார் என்று பொருளாதாரப் பக்கமிருந்தும் கேட்கலாம். உண்மையில் பழுதுபார்ப்பில்தான் உள்ளூர்க் கைகளுக்கு வேலை அதிகம். ஆலையில் அறுத்துவந்த பலகைகளைத் திருகாணி போட்டுப் பொருத்துவதற்கும், ஐம்பது வயது தேக்குக் கதவின் அடிப்பாகம் அழுகியிருந்தால் அதை மட்டும் அறுத்தெடுத்து ஒட்டுப்போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவது வேலையில் நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பங்கு அதைச் செய்த கைக்கே போகிறது. அந்தத் திறமை அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டுமானால் அதைக் கூப்பிட ஆள் வேண்டும்.

இனி நடைமுறையில் ஒன்றே மிச்சம். பணத்தைக் கையில் வைத்திருப்பவரும் மேடைமுன் நிற்பவரும் பல வீடுகளில் வேறு வேறு ஆட்கள். அளவெடுக்க வரும் ஒப்பந்தக்காரர் கூடத்தில் உட்கார்ந்து முன்னவரிடம் பேசுகிறார், பின்னவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகிறார். நான் சொன்ன அளவுகோல் அங்கே வேலை செய்யாது, ஏனென்றால் வலி ஓர் உடம்பிலும் முடிவு இன்னோர் உடம்பிலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர இரு வழிகள் உண்டு. தொகையைச் சமைப்பவர் கையில் கொடுத்து, வரிசையை அவரையே எழுதச் சொல்லலாம். அவர் முதல் வரியில் வர்ணத்தைத்தான் எழுதினார் என்றால் அதுவே முதல் வேலை, அதைக் கேள்வி கேட்க வேறு யாருக்கும் உரிமையில்லை. அது முடியாத வீட்டில், முடிவெடுப்பவர் ஒரு மாதம் அந்த மேடையில் நின்று மூன்று வேளையும் சமைத்து, பாத்திரம் துலக்கி, அதன்பின் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடலாம்.